ஆறு ஜின் வாணலி

1958 இலையுதிர்காலத்தில், எஃகு உலைக்கென்று ஊரிலிருந்த இரும்பையெல்லாம் வாரிச் சென்றபோது, சீனாவின் அன்ஹுய் மாகாணத்து விவசாயி ஃபெங் ஷோயான் ஒருவர்தான் ஆறு ஜின், அதாவது மூன்று கிலோ, எடையுள்ள தம் வாணலிக்கு ரசீது கேட்டு வாங்கினார். ஊரே சிரித்தது. பொதுச் சமையற்கூடத்தில் மூன்று வேளையும் உண்ணப்போகும் காலத்தில் வீட்டு வாணலி எதற்கு? மூட்டைகளின்மேல் எழுதியிருந்ததைப் பார்த்தே எழுத்துக் கற்றவர் ஃபெங். எழுதிய எதையும் எறியமாட்டார்.

மூன்றாம் வசந்தத்தில் கூடத்தின் தானியம் தீர்ந்தது. விளையாத நெல்லை மும்மடங்கு விளைந்ததாக மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். அதை நம்பி அரசு விதைநெல்வரை அள்ளிக்கொண்டது. இனி வீட்டிலேயே சமைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்து, தலைக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டுகளைக் கொடுத்தார்கள். எதில் சமைப்பது? வீட்டுச் சமையல் கூடாதென்று மண்சட்டிகளையும் முன்பே உடைத்திருந்தார்கள். ஃபெங்கின் மனைவி சியூமெய் பட்டினியில் முகமும் காலும் வீங்கிப் படுத்திருந்தாள். அந்தத் துண்டுகள் குழைய வெந்தாலன்றி அவள் தொண்டையில் இறங்காது.

ஃபெங் ரசீதுடன் கம்யூன் அலுவலகம் சென்றார்.

"செயலாளரே, என் வாணலியக் குடுங்க. ஆறு ஜின் எடை, ஒரு காது ஒடிஞ்சது. இதோ உங்க முத்திரை."

"யோவ் ஃபெங், அது எஃகாயிடுச்சுய்யா! நாட்டுக்குப் போயிடுச்சு!" என்றார் செயலாளர் குவோ.

"எங்க போச்சு? உங்க கொல்லையிலதான் கட்டியாக் கெடக்குது. ஒரு கோழிகூட அதுமேல ஏறமாட்டேங்குது."

"கோழி இருந்தாத்தானே ஏற!" என்று எழுத்தர் சிரித்துவிட்டு, குவோவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப, உருகிப் பாழாப்போச்சு, தரமுடியாதுன்னு எழுதி முத்திரை போடுங்க. மாவட்டத்துல கேட்டுக்கறேன்."

குவோவின் முகம் வெளுத்தது. முதல்தர எஃகு என்று மாவட்டத்துக்கு எழுதியவர் அவர்தான்.

"ஒரு ஓட்டை வாணலிக்கு இவ்வளவு அழிச்சாட்டியமா?"

"ஓட்டையில்ல. காதுதான் ஒடிஞ்சது. ரசீதுல இருக்கு, படிங்க."

குவோ தம் முகம் கழுவும் எனாமல் வட்டையை எடுத்து, நீரைக் கொட்டி நீட்டினார். "எடுத்துக்கிட்டுத் தொலை! ரசீதக் குடு!"

"இது ஆறு ஜின் வராது, செயலாளரே. மிச்சம் வர்ற வரைக்கும் ரசீது என்கிட்டயே இருக்கட்டும்."

அன்று மாலை துண்டுகள் கூழாய்க் குழைந்தன. சியூமெய் ஒரு வாய் வாங்கி முகம் சுளித்தாள்.

"சவுக்காரம் மணக்குதுங்க."

"அந்தாளு மூஞ்சி கழுவின வட்டைடி, வேற எப்படி மணக்கும்? முழுங்கித் தொலையேன்!" என்று எரிந்து விழுந்தார் ஃபெங்.

அவள் முழுங்கினாள்.