அம்மாவுக்குக் கொண்டுபோன நன்மை

எங்கள் அம்மா எனக்கு வேதம் சொல்லிக்கொடுத்ததே இல்லை. செப மந்திரங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள். என்னை முன்னால் உட்கார வைத்து ஒருநாளும் ஒப்பிக்கச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு கிளம்புவாள். நான் பின்னாலேயே போவேன். எங்கள் வீட்டு ஞானோபதேசம் அவ்வளவுதான்.

முதலியார்பேட்டையிலிருந்து மாதா கோவிலுக்கு நடந்தே போவோம். அப்பா வேறு சாமி கும்பிடுகிறவர், மில்லில் வேலை. தெருமுனை வரைக்கும் வந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கோவிலில் அம்மாவுக்கென்று ஓர் இடம் இருந்தது. வாசலை ஒட்டிய கடைசித் தூணுக்குப் பக்கத்தில், வெறும் தரையில். பெஞ்சு காலியாக இருந்தாலும் போய் உட்காரமாட்டாள், தூணில் சாயவும் மாட்டாள். பூசையில் நன்மை வாங்குகிற நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போவார்கள். நன்மை என்று நாங்கள் சொல்வது, சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய அப்பத்தை. அது வெறும் அப்பமில்லை, ஆண்டவரே என்பது எங்கள் விசுவாசம். அந்த நேரத்தில் அம்மா மட்டும் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே முழங்காலில் இருப்பாள்.

எங்களோடு பேசுகிறவர்கள் அதிகம் கிடையாது. அம்மாவின் சொந்தக்காரர்கள் கூட, வாசலில் எங்களைக் கண்டால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்கள். சொந்தக்காரர்கள் என்றாலே அடிக்கடி செருப்பைத் தொலைக்கிறவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது புது நன்மைக்குப் பெயர் கொடுத்தார்கள். முதல்முதலாக நன்மை வாங்குகிற பிள்ளைகளுக்குக் கன்னியர் மடத்தில் சாயங்காலம் வகுப்பு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மதர் பொரிக்காத அப்பளத்தை வட்டமாக நறுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்துப் பழக்குவார். பல்லில் படக்கூடாது, கையால் தொடக்கூடாது, தானாகக் கரைய வேண்டும். நான் இரண்டு தரம் மென்று தின்றுவிட்டேன். அப்பளம் எங்கள் வீட்டில் தினமும் கிடைக்கிற பண்டமா என்ன.

அந்த மதர்தான் சொன்னார், பிள்ளைகள் வாங்கி முடித்ததும் அவரவர் தாய் தகப்பன் எழுந்து வந்து வாங்குவார்கள், அதுதான் அன்றைக்கு அழகு என்று. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தான் பின்னாலேயே இருந்துகொள்வதாகவும், நான் திரும்பித் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன், முறத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

காரணத்தை எனக்குச் சொன்னது, வகுப்பில் என்னைவிடப் பெரிய ஒரு பெண். சண்டை ஒன்றுமில்லை, சும்மா தெரிந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"ஒங்கம்மாவுக்கு நன்ம கெடையாதுடி. ஒங்கப்பா அவங்கள கோயில்ல வச்சிக் கட்டல இல்ல."

எனக்கு அது சரியாக விளங்கவில்லை. எனக்குக் கல்யாணமான பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. அம்மாவைக் கோவிலில் வைத்துக் கட்டியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினவர், திரும்பவே இல்லை. இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, இறந்தார் என்றும் தகவல் இல்லை. அந்தத் தகவல் வராத வரைக்கும் கோவிலைப் பொறுத்தவரை அம்மா அவருடைய பெண்சாதிதான். பல வருஷம் தனியாகக் காத்திருந்து பார்த்துவிட்டு எங்கள் அப்பாவோடு குடித்தனம் வந்துவிட்டாள். பூசைக்கு வரலாம், நன்மை வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் இதெல்லாம் தெரியாத எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்று எங்கள் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. மடத்து அலமாரியிலிருந்து கொடுத்த வெள்ளைக் கவுன் எனக்குக் கணுக்காலுக்கும் கீழே தொங்கியது. அம்மா அதை உள்பக்கமாக மடித்துக் குண்டூசி குத்திவிட்டாள். நன்மை வாங்குகிறவர்கள் அப்போதெல்லாம் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் சாப்பிடமாட்டார்கள். தாகமாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் தரவில்லை.

கோவிலில் முதல் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். என் முறை வந்தபோது கிராதியில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினேன். அப்பளம் மாதிரி இல்லை. உப்பும் இல்லை, எடையும் இல்லை. பெஞ்சுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடு வழியாகப் பின்னால் நடந்தேன். யாராவது பெயரைக் கேட்டாலே பாவாடைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிற பிள்ளை நான். அத்தனை பேர் பார்க்க எப்படி நடந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கவுனில் ஒரு ஊசி கழன்று காலில் குத்தியது. எச்சிலை விழுங்காமல், நாக்கை அசைக்காமல் போனேன். கரைவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் கவலை.

அம்மா முழங்காலில் இருந்ததால் அவள் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அவளுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன். பேசினால் கரைந்துவிடும் என்று, விரலால் முதலில் என் நாக்கையும் பிறகு அவளையும் காட்டினேன்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் அதையே பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்குமோ. பிறகு உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"முழுங்கு பாப்பா. அது ஒனக்கு வந்தது."

கையை எடுக்காமலேயே தன் நெற்றியை என் நெற்றியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். என் வாயில் அது முழுக்கக் கரைகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். அதற்குள் மதர் வந்து என் தோளைப் பிடித்து முன்னால் அழைத்துப்போய்விட்டார். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். என் பெஞ்சைத் தாண்டி வந்தவர்களில் எனக்கென்று ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா காப்பி போட்டு மூடி வைத்திருந்தார். தம்ளரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, வெகுநாளாகக் கேட்க நினைத்ததுபோலக் கேட்டார்.

"நன்ம வாங்கறவங்களுக்குத்தான இந்தப் பட்டினி? நீதான் வாங்கறதில்லையே. வாரா வாரம் எதுக்குக் கொலப்பட்டினி கெடக்கற?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போவதற்கு முன்னால் அம்மா ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அம்மா காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"கூப்ட்டா போவணும் இல்ல. அப்ப வயித்துல காப்பிய வச்சிக்கிட்டு எப்புடிப் போறதாம்."

அப்பா தன் தம்ளரில் இருந்த காப்பியையும் அவள் தம்ளரில் ஊற்றினார்.

இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இருவரும் பிரான்சில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இந்த வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்துதான் நாளின் முதல் வாய்த் தண்ணீரைக் குடிக்கிறேன். வயசான காலத்தில் இது என்ன பிடிவாதம் என்று மகள் போனில் சத்தம் போடுவாள். நான் விளக்கம் சொல்வதில்லை. எனக்கும் யாரும் விளக்கம் சொல்லவில்லை, அப்பாவுக்குச் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த எட்டு வயதில் என் புத்திக்கு எட்டியது வேறு. யாரோ கூப்பிடத்தான் வேண்டும் போலிருக்கிறது, சாமியாருக்கு வயசாகிவிட்டதால் கடைசித் தூண் வரைக்கும் கண் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறே அம்மாவை முன் பெஞ்சுக்கு இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அதனால் நான் வாங்கி முடித்ததும் கிராதிக்குப் பக்கத்திலேயே ஓரமாக நின்று, அவள் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை எங்கே பார்க்கிறது என்று சாமியாரும் ஒருநாள் நிமிர்ந்து பார்ப்பார், வா என்று கையைக் காட்டுவார் என்று நம்பிக்கை. அவர் நன்மைக் கிண்ணத்தை மூடிக்கொண்டு பீடத்துக்குத் திரும்பிவிடுவார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வரும்.

அந்த நேரமெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சாமியார் இருக்கிற பக்கம் அவள் பார்க்கவே இல்லை. கூப்பிடுகிறவர் அவர் இல்லை என்று எனக்குத்தான் தெரியவில்லை.