மூக்கம்மாளின் மீன்சினை பாஸ்தா

பெருமாநல்லூர் ரோட்டில் தரணீதரனின் பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குமிடம். ஆறு வருஷமாக அங்கே சமைப்பவள் தூத்துக்குடிப் பக்கத்து மூக்கம்மாள். அதற்கு முன்னால் அதே கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய முதல் பீஸை அவள்தான் தைப்பாள். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கில் மற்றவர்கள் தைப்பார்கள், அதற்குப் பேர் பல்க். முதலில் தைத்தவள் யாரென்று எவரும் கேட்டதில்லை. அது தொழில், போகட்டும்.

ஜப்பான்காரர் ஹயாஷி துணியின் தரம் பார்க்க வந்து மூன்று மாசம் தங்கியபோது, தம் ஊர்ப் பாஸ்தாவை அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். இத்தாலிக்காரன் பண்டம்தான், ஆனால் தக்காளியும் கிடையாது, சீஸும் கிடையாது. வெண்ணெய், சோயா சாஸ், மிளகாயும் உப்பும் ஏறிய மீன்சினை, மேலே நறுக்கிப்போட்ட கடற்பாசித் தாள். அந்தச் சினைக்கு இங்கே எங்கே போவது? மூக்கம்மாள் ஊரிலிருந்து சினை வரவழைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தாள். மூன்று தடவை கெட்டுப்போனது. நாலாவது தடவை ஹயாஷி தட்டை வழித்துத் தின்றார்.

போன ஆவணியில் ஹயாஷியும் ஒரு இத்தாலிக்காரரும் சேர்ந்து விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. ஹயாஷி அந்தப் பாஸ்தாதான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். தரணீதரன் என்ன செய்தார்? கோயம்புத்தூர் ஹோட்டலிலிருந்து இளங்குமரன் என்கிற செஃப்பை வரவழைத்தார்.

"நீங்க சாம்பிள் செஞ்சு காட்டிருங்க்கா. அவரு பாத்துச் செஞ்சுக்குவாரு. பெரிய மனுசங்க வர்ற எடம் பாருங்க."

பனியனுக்கு உள்ள சட்டம் பாஸ்தாவுக்கும் வந்துவிட்டது. மூக்கம்மாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எரியாதா பின்னே?

ஆனாலும் அவள் எதையும் ஒளிக்கவில்லை. "அடுப்ப அமத்துன பெறவுதான் சினையப் போடணும். பாஸ்தா வெந்த தண்ணியக் கீழ ஊத்திராதிய, ஒரு கரண்டி வேணும்" என்றாள். செஃப் தலையை ஆட்டினான். மறுநாள் விருந்தன்று, வேகாத சினையை யார் தின்பார்கள் என்று அதை எண்ணெயில் போட்டு முறுக முறுக வறுத்தான். தண்ணீரையும் சிங்க்கில் கொட்டினான். பாஸ்தா மேல் மணல் தூவினதுபோல இருந்தது.

ஹயாஷி ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சாம்பிள் ஓகே. பல்க் ரிஜெக்ட்" என்றார், சிரிக்காமல்.

தரணீதரன் சமையலறைக்கு ஓடிவந்தார். "அக்கா, நீங்களே இன்னொருக்கா வெரசாச் செஞ்சு குடுத்துருங்க."

"செஞ்சு தாரேன் மொதலாளி. ஆனா தட்ட நாந்தான் கொண்டுபோயி வைப்பேன்."

அவர் அவள் சேலையைப் பார்த்தார். அதில் எண்ணெயும் சோயா சாஸும் தெறித்திருந்தன. வேறு வழியில்லாமல் சரி என்றார்.

தட்டு போனது. ஹயாஷி தின்று பார்த்து, எழுந்து நின்று அவளுக்குத் தலை குனிந்தார். இத்தாலிக்காரர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, யார் கைப்பக்குவம் இது என்று கேட்டார். தரணீதரன் கொஞ்சமும் கூசவில்லை. எங்கள் செஃப்தான் இவளுக்கு டீச் பண்ணினார் என்று இங்கிலீஷில் அளந்தார். இருபது வருஷம் பனியன் கம்பெனியில் காலம் தள்ளியவளுக்கு அந்த இங்கிலீஷ்கூடப் புரியாது என்று நினைத்துவிட்டார்.

"நோ சார். ஐ டீச் ஹிம்" என்றாள் மூக்கம்மாள், சமையலறை வாசலில் நின்ற செஃப்பைக் கைகாட்டி.

உள்ளே போகச் சொல்லி முதலாளி கண்ணைக் காட்டினார். இரண்டு தட்டும் காலியாகும் வரை அவள் அங்கேயே நின்றாள்.