பொற்கொடி போட்ட சோறு

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சத்துணவுக் கூடத்தில் பொற்கொடி சமையலர், நான் உதவியாள். வீடும் அடுத்தடுத்துதான். எந்தப் பிள்ளை தட்டை நீட்டினாலும் "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்க கண்ணு" என்று அள்ளிப் போடுகிற கை அவளுடையது. அவளுக்குப் போய், கட்டியவனைப் பட்டினி போடுகிறவள் என்று பெயர் வந்தது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அவள் கணவர் மாரப்பன் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி டெம்போ ஓட்டியவர். போன வருஷம் மண்டியில் வண்டியை விட்டு இறங்கும்போதே கைகால் இழுத்து விழுந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பிழைத்து நடமாடினார், ஆனால் சற்று முன் நடந்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். "இவருக்கு இன்சுலின் சுரக்குதுங்க, உடம்புதான் அதை மதிக்கறதில்லை. ரத்தத்துல சர்க்கரை ஏறிக் கெடக்குது. இப்படியே போனா மூளைக்கும் நல்லதில்லைங்க. மறதி கூடலாம், இன்னொரு அடைப்பும் வரலாம்" என்றார் டாக்டர். மாத்திரை, நடை, அளவான சாப்பாடு. அப்போதும் உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார்.

"என்னைய அடையாளந் தெரிஞ்சாப் போதுமக்கா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் பொற்கொடி.

காலையில் கம்பங்கூழும் காயும் கொடுத்து, கூடவே நடக்க வைத்து, அப்புறம்தான் வேலைக்கு வருவாள். அவள் தலை மறைந்ததும் அவர் வாசலுக்கு வந்துவிடுவார். "ஏனுங்க, சாப்புட்டு ரெண்டு நாளாச்சுங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்பார். தின்றது மறந்து போயிருக்கும். அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? நம் சனம்தான் இரக்கத்துக்குப் பேர் போனதாயிற்றே! ஒருவர் பன் வாங்கித் தருவார், இன்னொருவர் ஜிலேபி. போகிற போக்கில் பொற்கொடிக்கு நாலு வசவு. விளக்கிச் சொன்னால் காதில் வாங்க ஆளில்லை. வேலையை விட்டால் மாத்திரைக்கு வழியுமில்லை.

தாராபுரத்திலிருந்து அவருடைய அக்கா சாமியாத்தாள் தூக்குப்போசி நிறைய வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு கொண்டுவந்தார். "எந்தம்பியக் காயப்போட்டே கொன்னுபோடுவியாட்ட இருக்குது" என்று அழுதுகொண்டே ஊட்டினார். நான் சண்டைக்குப் போனேன். பொற்கொடி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பெரிய நாத்தனாரை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

ஆடி கழிவதற்குள் இரண்டாவது அடைப்பு வந்தது. எதனால் என்று டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாரப்பன் கட்டிலில் உட்கார்ந்து பொற்கொடியை வெகுநேரம் பார்த்தார். "அம்மணி, பசிக்குதுங்க. நம்மூட்டுல ஒருத்தி இருக்கறா, சோறே போடறதில்லீங்க" என்றார். பொற்கொடி உள்ளே போய்ச் சோறு போட்டு வந்தாள்.

அவர் தட்டை வாங்கினார். ஒரு வாய் தின்றவர், சட்டென்று கூச்சப்பட்டு நிமிர்ந்தார்.

"உங்க ஊட்டுக்காரரு சாப்புட்டாருங்களா?"

"சாப்புட்டுட்டு இருக்கறாருங்க," என்றாள் பொற்கொடி.