அடைக்கலராஜ் அழித்த தழும்பு

கீரனூரில் திருச்சி ரோட்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த அடைக்கலராஜின் காமிராவைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவருடைய பென்சிலைப் பற்றித்தான் பேசினார்கள். காமிரா எல்லா ஸ்டுடியோவிலும் இருப்பதுதான்: மூன்று கால் மரச் சட்டம், கறுப்புத் துணி, உள்ளே கண்ணாடி பிளேட். அந்தப் பிளேட்டைக் கழுவிக் காயவைத்த பிறகு அவர் பார்த்த வேலைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. டச்சிங் என்பார்கள். சாய்வு மேசையில் நெகட்டிவை நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் விழச் செய்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் முகத்தில் பொட்டுப் பொட்டாக வைப்பார். பிளேட்டில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்து வரும். கன்னத்துக் குழி நிரம்பிவிடும். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமை போய்விடும்.

அம்மை போட்டுப் பிழைத்த முகங்கள் ஊருக்கு ஊர் இருந்த காலம் அது. பெண் பார்க்க வருமுன்னே படம் கேட்கும் வழக்கமும் அப்போதுதான் தலையெடுத்திருந்தது. கேட்க வேண்டுமா? அடைக்கலராஜ் கடை வாசலில் கூட்டம். படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்ன மாப்பிள்ளை மணவறையில் திருதிருவென்று விழித்த கதைகளும் உண்டு. அதற்கெல்லாம் அவர் அசரமாட்டார். பொண்ணு படத்துல இருக்குற மாதிரித்தான் இருக்கு, மணவறையிலதான் வெளிச்சம் சரியில்லை என்பார்.

ஆவூர்க்காரர். மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவர். திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் பிளேட் கழுவியே தொழில் கற்றுக்கொண்டு, நாற்பத்தொன்பதில் கீரனூரில் கடை போட்டு, மனைவி அற்புதமேரி பேரில் அற்புதம் ஸ்டுடியோ என்று பலகை மாட்டினார். இளகிய மனசு. ஒரு முகத்திலிருந்து பட்ட கஷ்டத்தைத் துடைத்துக் கொடுப்பது புண்ணியம் என்று உள்ளபடியே நம்பினார்.

ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில் வெளியூர்க்காரன் ஒருவன் காய்ச்சலோடு வந்து சத்திரத்து வாசலில் படுத்தான். விடிந்தபோது உயிர் இல்லை. இருபது வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு வேட்டி, அவ்வளவுதான். புதைக்குமுன் ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னால் தேடி வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் விட்டார்கள். அடைக்கலராஜ் போனார். பையனைச் சுவரோரம் சாய்த்து வைத்தார், தலையைக் கோதிவிட்டார், கறுப்புத் துணிக்குள் நுழைந்து ஒரே பிளேட்டில் எடுத்தார்.

போலீஸ் படத்துக்கு டச்சிங் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. இடது கண்ணுக்குக் கீழே மூன்று தழும்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. பெற்றவள் பார்க்கப் போகிற கடைசி முகம் நன்றாக இருக்கட்டுமே என்று அவருக்குப் பட்டது. அந்த ஒரு பள்ளத்தை நிரப்பவே வெகுநேரம் பிடித்தது. படம் போட்டுப் பார்த்தால் பையன் ராஜா மாதிரி இருந்தான். ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்தார், ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் குடுமியான்மலையிலிருந்து செங்கமலம் என்ற விதவை, மகன் ராக்கனைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். வேலைக்கென்று திருச்சிப் பக்கம் போனவன், தகவலே இல்லை. ஸ்டேஷன் காகிதமும் படமும் புதுக்கோட்டைக்குப் போய்விட்டிருந்ததால், போட்டோக் கடையில் ஒரு படம் இருக்கும், போய்ப் பார் என்று அனுப்பிவைத்தார்கள்.

அவள் படத்தை வாங்கினாள். பார்த்தாள். இன்னொரு தடவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இது எம்மவன் இல்லீங்க. சாடை இருக்கு. ஆனா அவனுக்கு மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. இந்தா, இந்தக் கண்ணுக்குக் கீழ மூணு ஒன்னாக் கூடிக் குழியா இருக்கும். இந்தப் பய யாரு பெத்த புள்ளையோ, வழவழன்னு இருக்கான்."

அடைக்கலராஜ் படத்தைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தார். சொல்லியிருக்க வேண்டும், அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நல்லா இருப்பீங்கய்யா. இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. வாரேன்" என்று கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அத்தோடு போயிருந்தால் அவர் எப்படியோ மறந்திருப்பார். மனுஷ மனசு அவ்வளவுதான். அவள் விடவில்லை. சந்தைக்குச் சந்தை கீரனூருக்கு வந்து, பஸ்ஸில் இறங்குகிறவர்களிடமெல்லாம் தழும்பு முகத்துப் பையனைக் கண்டீர்களா என்று கேட்டாள். திரும்பும்போது கடையில் எட்டிப் பார்த்து, முந்தானையில் முடிந்துவந்த கடலையை மேசைமேல் கொட்டுவாள். "வேண்டாம்மா" என்றால் கேட்கமாட்டாள். "நல்ல சேதி சொன்ன வாய்க்கு வெறுங்கையோடயா வாரது?" என்பாள். அற்புதமேரி அந்தக் கடலையை வறுத்து வைப்பாள். அவருக்கு ஒரு பருப்புக்கூட இறங்காது.

பொங்கல் கழிந்தது, மாசி வந்தது. தவக்காலத்தில் ஆவூர்க் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவர், பொய் சொன்னேன் சாமி என்று ஆரம்பித்து, இல்லை, சொல்லாமல் இருந்தேன் என்று திருத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சாமியார் சொன்னார்.

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி. அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

"அவங்க அதை நம்பித்தான் நடமாடுறாங்க சாமி. சொன்னா உசுரு போயிரும்."

"அவங்க தன் மகனுக்குக் காரியம் செய்யவிடாம நீங்க நிறுத்தி வச்சிருக்கீங்க அடைக்கலராஜ்."

மறுநாள் பஞ்சில் டர்பண்டைன் தொட்டு அந்த நெகட்டிவைத் துடைத்தார். பென்சில் கரைந்து கறுப்பாகப் பஞ்சில் வந்தது. புதிதாகப் போட்ட படம் தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் மெல்ல மெல்லத் தெளிந்தபோது, ஒவ்வொரு தழும்பாக மேலே வந்தது. கடைசியில் கண்ணுக்குக் கீழே அந்தப் பள்ளமும் வந்தது. பார்த்துக்கொண்டே நின்று அழுதார்.

குடுமியான்மலையில் செங்கமலம் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மகனைத் தேடுகிற அம்மாவா என்று கேட்டுக் கையைக் காட்டினார்கள். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் படத்தை நீட்டினார்.

அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இவன்தான். எங்க இருக்கான்?"

"இல்லம்மா. ஐப்பசியிலயே போயிட்டான். கீரனூரு சுடுகாட்டுலதான் பொதைச்சிருக்கு."

"அன்னைக்கு நீங்க காட்டுனது?"

"அதுவும் இவன்தாம்மா. தழும்பை நாந்தான் அழிச்சேன். தொழில்ல அது பழக்கம். பாக்க நல்லா இருக்கட்டும்னு செஞ்சேன். நீங்க இல்லன்னு சொன்னப்ப, வாயத் தொறந்து சொல்லலை."

அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. சுட்டுவிரலால் படத்துக் கன்னத்தைத் தடவினாள்.

"மூணு வயசுல இவனுக்கு அம்மை வாத்துச்சு. இந்தத் தெருவுல அந்த வருஷம் எல்லா வீட்டுலயும் புள்ளை போச்சு. இவனும் போயிருவான்னுதான் சொன்னாக. வாழையெலையில கெடத்தி வேப்பங்கொழுந்தால தடவித் தடவி, ராவு பகலாப் பாத்தேன். அம்மை எறங்குன அன்னைக்கு இந்தத் தழும்பையெல்லாம் ஒவ்வொன்னா எண்ணிக் கும்பிட்டேங்க. எம்மவன் பொழைச்சதுக்குச் சாட்சி இதுதான்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இதைப் போயி அசிங்கம்னு அழிச்சீங்களா?"

எத்தனையோ வீட்டு முகங்களை அடைக்கலராஜின் கை துடைத்துக் கொடுத்திருக்கிறது. எந்தத் தாயும் அவரை இப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியவர்கள் கேட்காமல் படத்தை வாங்கிப் போயிருப்பார்களோ என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

செங்கமலம் எழுந்து தன் அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒப்பாரி கிளம்பியது. தெருவில் ஆட்கள் கூடினார்கள். யார் இந்த ஆள், என்ன சேதி என்று வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் கேட்டார்கள். அவர் வெயிலில் நின்றபடி, தான் செய்ததை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.