எழுத்து மட்டும் காட்டும் பிரவுசர்

இன்று காலை என் வீட்டுக்காரர் மகளின் கல்லூரி வெப்சைட்டைத் தானே திறந்தார்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் கணக்கு பார்த்தவர். போன வருடம் சர்க்கரை நோய் அவர் பார்வையை முழுதாக எடுத்துக்கொண்டது. இப்போது எழுத்து மட்டும் காட்டும் ஒரு பிரவுசரில் பழகுகிறார். மவுஸ் வேண்டாம். கீழ் அம்புக்குறி அடுத்த லிங்க்குக்குப் போகும், வலது அம்புக்குறி அதைத் திறக்கும், இடது அம்புக்குறி பழைய பக்கத்துக்குத் திரும்பும். கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லிக்கொண்டே வரும்.

மகள் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிய படத்தை அதில் போட்டிருந்தார்கள்; நான் போனில் பார்த்திருந்தேன். உதவப் போனேன்.

"நீ கை வெக்காத, நானே பாத்துக்குறேன்" என்றார்.

கீகளைத் தடவித் தடவி, அவள் பெயர் வரும் வரை போய்விட்டார். முகமெல்லாம் சிரிப்பு. வலது அம்புக்குறியை அழுத்தினார்.

"இமேஜ்" என்றது கம்ப்யூட்டர். மறுபடி அழுத்தினார். மறுபடியும் "இமேஜ்."

"அவ்ளோதானா? எப்புடி இருக்கா புள்ள?"

"வெயில்ல கறுத்துட்டா. கோப்பைய ரெண்டு கையால புடிச்சிக்கிட்டு சிரிக்கிறா, பாருங்க."

'பாருங்க' என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் அதைக் கேட்காதது போலவே இருந்தார்.

"இளைச்சிருக்காளா?"

"கொஞ்சம்" என்றேன்.

அவர் இடது அம்புக்குறியை அழுத்தினார்.

படம் போடுகிறவர்கள், அதில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லை, முகத்தைக் காட்டும் ஷார்ட்கட் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவர் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்.