மாதா கைகாட்டிய இடம்

என் அப்பாவுக்கு ஆண்டவர் வழிகாட்டாமல் ஒரு காரியமும் நடக்காது. நல்லம்பள்ளிக்குப் போகும் பஸ் தவறிப்போனால், "ஆண்டவர்தான் நிறுத்தி வெச்சாரு, அந்த பஸ்ஸுல என்ன ஆபத்தோ" என்பார். அந்த பஸ் பத்திரமாகப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடும். "நீங்க வேட்டி கட்ட நேரமாக்குனதுக்கு ஆண்டவர் என்னங்க பண்ணுவாரு?" என்பாள் அம்மா.

எண்பதுகளில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது எங்கள் கிணறு அடியோடு வற்றியது. காட்டில் விதைத்த ராகி முழங்காலுக்கு மேல் வளரவில்லை. புதுக் கிணறு தோண்டியும் தண்ணீர் கிடைக்காவிட்டால் மாட்டை விற்றுவிட்டு, எல்லோருமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பத்தாவதுக்குப் பதிலாகத் தலையில் சிமெண்டுச் சட்டி.

எங்கே தோண்டுவது? உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்து நீரோட்டம் பார்க்கும் ஒருவர் அரூரில் இருப்பதாகப் பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "அதெல்லாம் அஞ்ஞானமுங்க. எங்களுக்கு ஆண்டவர் காட்டுவாரு."

நவநாள் செபம் சொன்னார். முடிவில் காட்டை மந்திரிக்கப் பங்குச் சாமியாரை அழைத்துவந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த சாமியார் வேப்பமரத்தருகே பாட்டிலைக் கொஞ்சம் ஓங்கி உதறினார். மூடி தெறித்து, தீர்த்தம் முழுவதும் ஒரே இடத்தில் கொட்டியது. அப்பா அங்கேயே முழந்தாளிட்டுவிட்டார்.

"மூடி லூசுங்க, வேற ஒன்னுமில்ல" என்று சாமியாரே சொன்னார். ஆண்டவர் விஷயத்தில் சாமியார் பேச்சையெல்லாம் அப்பா கேட்பதில்லை.

தோண்டினோம். ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே பாறை. கடப்பாரை வளைந்தது, அப்பா வளையவில்லை. "சோதிக்கிறாரு" என்றார். அம்மா மண்கூடையை வீசிவிட்டு வீட்டுக்குள் போய் அழுதாள். அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு ஆண்டவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவுக்குத் திடீரென்று தலைவலி. அவளைப் பார்த்துக்கொள்ள நானும் நின்றுவிட்டேன். பூசைக்குப் போன அப்பாவின் சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும் தலைவலியும் மறைந்தது. தேங்காய்க்காரர் வந்தார். காடு முழுக்கப் படுத்தே கிடந்த தேங்காய், அப்பா எப்போதோ கல்லால் குகைபோலக் கட்டிவைத்த மாதா கெபிக்கு முன்னால் விறைப்பாக எழுந்து நின்றது. அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார்.

"இது உங்க சாமி நிக்கிற எடமுங்க. நான் எதும் சொல்லலீங்க" என்றவர், தேங்காயைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

பூசை முடிந்து வந்த அப்பாவை அம்மா நேராகக் கெபிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கைகளையும் கீழ்நோக்கி விரித்து நிற்கும் மாதா சுரூபம் அது.

"ஏங்க, அந்தக் கையப் பாருங்க. எங்க காட்டுது?"

அப்பா கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "தாயே, இத்தன வருசமா காட்டிகிட்டே நின்னியா? குருடனாட்டம் இருந்துட்டனே!"

அன்று மத்தியானச் சோற்றுக்குத் தேங்காய்த் துவையல். அப்பா சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

மாதாவை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டுத் தோண்டினோம். தண்ணீர் வந்தது. அப்பா சேற்றிலேயே முழந்தாளிட்டார். பக்கத்தில் அம்மாவும் முழந்தாளிட்டாள். நடிக்கவில்லை, உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "நெசமா காட்டுனது யாரும்மா? தேங்காயா, மாதாவா?"

"தேங்காயப் படைச்சது யாருடி?" என்றாள் அம்மா, என் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கிக்கொண்டே. "போ, போயி படி."