ஐந்தாவது டயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டு சுமதி என் காரில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஹால் டிக்கெட், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில்.

செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பம். பருப்பு நிறுத்துப் போடுகிற நேரம் போக, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். இது மூன்றாவது முயற்சி. தேர்வு விழுப்புரத்தில். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள்.

'நானே போய்க்கிறேன்கா' என்றவளை, 'நான் எதுக்கு இருக்கேன்?' என்று வற்புறுத்தி ஏற்றியது நான்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு வரிதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவள் கண் டேஷ்போர்டுக்குப் போய்விட்டது.

"இன்னாக்கா அது, மஞ்சளா எரியுது?"

"அது எப்பவும் அப்படித்தான்."

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் காருக்கு வயசு பன்னிரண்டு. நான் மூன்றாவது ஓனர். புதிதாக வந்த காலத்தில் பெரிய மனிதர்கள் வாங்கிய மாடல் என்பதால், டயருக்குள் சென்சார் உண்டு. காற்று குறைந்தால் குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறியோடு எரியும். போன மழைக்காலத்தில் எரிய ஆரம்பித்தது... அணையவே இல்லை.

சும்மா இருந்தேனா? இல்லை. பெட்ரோல் பங்கில் நான்கு டயரிலும் காற்று பார்த்தேன் — சரியாக இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ரீசெட் பட்டனை அழுத்தினேன். மூன்று முறை சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது. ஒரு மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். இன்னொருவர், "சென்சாருக்குள்ள இருக்கிற பேட்டரி செத்துப் போயிருக்கும் மேடம். பழைய வண்டியில்ல? கண்டுக்காதீங்க" என்றார். என் கணவர் இதே கருத்தை ஒரே வார்த்தையில் சொன்னார்: "உடு."

விட்டுவிட்டேன். ஒரு எச்சரிக்கையோடு எட்டு, பத்து மாதம் குடித்தனம் நடத்திப் பாருங்கள். காலண்டர் மாதிரி ஆகிவிடும். இருக்கும்... யாரும் பார்க்க மாட்டார்கள்.

மெயின் ரோட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று அனந்தபுரம் வழியாகப் போனேன். பனமலை ஏரி கண்ணில் படுகிற இடத்தில் வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் தரையோடு தரையாக இருந்தது. ஆணி. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்க வேண்டும். விளக்கு ஏன் சொல்லவில்லை? ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிற விளக்கு, இன்னொரு முறை எப்படி எரியும்?

சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று டிக்கியைத் திறந்தேன். கையால் அழுத்தினேன். தலையணை மாதிரி அமுங்கியது.

மணி எட்டு ஐந்து.

சுமதி ஸ்டெப்னியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். தண்ணீர் கேன் ஏற்றிய மினி வேன் ஒன்று கிறீச்சென்று நின்றது.

"இன்னாக்கா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"விழுப்புரத்துல எக்ஸாமுண்ணா. ஒம்பது மணிக்கு கேட்ட மூடிடுவாங்க."

டிரைவர் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார். "ஏறுக்கா. கேனை அப்பறம் போட்டுக்கலாம்."

என் நம்பரை அவரிடம் கொடுத்தேன். வேன் போன பிறகு அந்த ரோட்டில் நானும் காரும்தான். எனக்கு அவமானமாக இருந்தது. காருக்கு எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு போன் வந்தது. "அக்காவ உள்ள உட்டுட்டேன் மேடம். கேட்டு மூடறப்போ கடைசி ஆளு அவங்கதான்." அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வேன்காரர் போனில் சொல்லி அனுப்பியதால், அனந்தபுரத்திலிருந்து பஞ்சர் கடைக்காரர் ஏழுமலை பைக்கில் ஒரு சின்னக் காற்று பம்போடு வந்தார். முன் டயரில் இருந்த ஆணியைப் பிடுங்கி அடைத்தார். விளக்குப் புராணத்தையும் கேட்டுக்கொண்டார். ஸ்டெப்னியை உருட்டி எடுத்து, அதன் வால்வை விரலால் தட்டினார்.

"இதப் பாருங்க மேடம். சென்சார் இல்லாத டயர்ல பெரும்பாலும் ரப்பர் வால்வுதான் இருக்கும். இதுல மத்த நாலுல இருக்கிற மாதிரியே இரும்பு வால்வு. அப்படின்னா இதுக்குள்ளயும் சென்சார் கீது. அதுதான் கத்திக்கினு இருந்திருக்கு."

"அப்போ நாலு டயர்லயும் காத்து பார்த்தேனே..."

"நீங்க பார்த்தது நாலு. இருக்கிறது அஞ்சு."

ஸ்டெப்னியிலும் காற்று நிரப்பினார். செஞ்சி வருவதற்குள் விளக்கு தானாக அணைந்துவிட்டது. செத்துப்போனது என்று நாங்கள் முடிவு கட்டிய சென்சார், இத்தனை மாதமும் உண்மையை மட்டும்தான் சொல்லியிருக்கிறது.

மாலையில் கடைக்குப் போய் சுமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நல்லாத்தான் எழுதினேன்கா" என்றாள். ஐந்தாவது டயர் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரையே பார்த்தபடி நின்றாள்.

"இவருக்கு ரெண்டு மாசமா நெஞ்சு எரியுதாம்கா. வாயு, எப்பவும் அப்படித்தான்னு நானும் சோடா குடுத்துக்கினே இருக்கேன்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள். நிஜமாகவே வாயுதானாம். 'ஒரு நாள் வியாபாரம் போச்சு' என்று அவருக்குக் கோபம். அவளுக்கோ, அன்றைக்குத்தான் நிம்மதியான தூக்கம்.

அன்று காலை அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "நான் கார் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஆட்டோ சொல்லிட்டேன்கா!"